கனடா பி.ஆர். மெடிக்கலும் தள்ளிப்போட்ட ஆபரேஷனும்: எதை முன்னால், எதைப் பின்னால் வைப்பது

முழங்கால் மூட்டு மாற்று, கண்புரை, பித்தப்பைக் கல், ஹெர்னியா, கர்ப்பப்பைக் கட்டி என்று ஏதோ ஒன்றுக்கு, "அவசரம் இல்லை, ஆனால் செய்துகொள்வது நல்லது" என்று டாக்டர் சொல்லியிருப்பார். அதே சமயத்தில் கனடா பி.ஆர்., அதாவது அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கான வேலையும் நகர்ந்துகொண்டிருக்கும். ஆபரேஷனை அந்த பி.ஆருக்கான மருத்துவப் பரிசோதனைக்கு, அதாவது மெடிக்கலுக்கு, முன் முடிப்பதா, பின்னால் வைப்பதா என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஆனால் எந்த ஆபரேஷனையும் வைக்கக் கூடாத இரண்டு காலங்கள் உண்டு. ஒன்று, மெடிக்கலுக்கு முந்தைய ஆறு வாரம். மற்றொன்று, விமானம் ஏறுவதற்கு முந்தைய ஆறு வாரம். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் தவிர்ப்பதற்கான கணக்குதான்.

இதெல்லாம் தள்ளிப்போடக் கூடிய ஆபரேஷனுக்கு மட்டும். பித்தப்பைக் கல்லோடு காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் வந்தால், ஹெர்னியா உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டு வலித்தால், கட்டி புற்றுநோயாக இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டால், விசா தேதியைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மெடிக்கலுக்குக் கூடுதல் அவகாசம் கேட்டு எழுதலாம். உடம்பு அவகாசம் தராது.

முதலில் உங்கள் தேதிகள்

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது படிப்பு, வேலை அனுபவத்துக்கு மதிப்பெண் போட்டு அழைக்கும் வழியில், போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 21 முதல் விதி மாறியிருக்கிறது. முன்பு விண்ணப்பித்த பிறகு, அவர்கள் சொல்லும்போது மெடிக்கலுக்குப் போனால் போதும். இப்போது விண்ணப்பம் போடும்போதே மெடிக்கல் முடித்த அத்தாட்சியைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அழைப்பு வந்ததிலிருந்து விண்ணப்பிக்க 60 நாள்தான். அதற்குள் ஆபரேஷன் செய்து, ஆறி, மெடிக்கலுக்கும் போவது பெரும்பாலும் நடக்காத காரியம். அதனால் ஆபரேஷன் தேவை உள்ளவர்கள் முடிவெடுக்க வேண்டிய நேரம், புரொஃபைல் போட்டு அழைப்புக்குக் காத்திருக்கும் மாதங்கள்.

பெற்றோரையோ தாத்தா பாட்டியையோ ஸ்பான்சர் செய்திருந்தால் கதை வேறு. மெடிக்கலுக்கான கடிதம் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வந்துவிட்டால் 30 நாளுக்குள் பேனல் டாக்டரிடம், அதாவது மெடிக்கல் செய்ய கனடா குடிவரவுத் துறை அங்கீகரித்த டாக்டரிடம், போக வேண்டும். ஆகவே ஸ்பான்சர் விண்ணப்பம் போட்ட கையோடு ஆபரேஷனை முடித்துவிடுவதே நல்லது. கடிதம் வரட்டும் என்று இருந்தால் 30 நாள் கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

மெடிக்கல் முடிவு பொதுவாக 12 மாதம் செல்லும். அதற்குள் கனடாவில் போய் இறங்க வேண்டும். பி.ஆர். உறுதிச் சான்றில், அதாவது சி.ஓ.பி.ஆரில், போடும் கடைசித் தேதி பெரும்பாலும் மெடிக்கல் காலாவதி அல்லது பாஸ்போர்ட் காலாவதி, எது முந்தியதோ அதை ஒட்டி வரும். அந்தத் தேதியை நீட்டிக்க மாட்டார்கள்.

ஆறாத உடம்பு ரிப்போர்ட்டில் எப்படித் தெரியும்

மெடிக்கலில் என்னென்ன பார்ப்பார்கள் என்று தெரிந்தால் ஆறு வாரக் கணக்கு தானாகப் புரியும். ஐந்து வயதுக்கு மேல் சிறுநீர். 11 வயதுக்கு மேல் நெஞ்சு எக்ஸ்ரே. 15 வயதுக்கு மேல் சிஃபிலிஸ், எச்.ஐ.வி., சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின். இவற்றோடு உயரம், எடை, ரத்த அழுத்தம், கண் பார்வை, முழு உடல் பரிசோதனை, பழைய நோய்கள், ஆபரேஷன்கள் பற்றிய கேள்விகள்.

இதில் அதிகம் சிக்கல் தருவது எக்ஸ்ரே. முழு மயக்கம் கொடுத்துச் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு, குறிப்பாக வயிற்றிலும் நெஞ்சிலும் செய்ததற்குப் பிறகு, வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடாமல் படுத்திருப்போம். நுரையீரலின் அடிப்பகுதி கொஞ்சம் சுருங்கும், சில நேரம் நீரும் கோக்கும். பைபாஸ் ஆனவர்களுக்கு இடது பக்கம் நீர் கோப்பது சகஜம். தானாகச் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் படத்தில் ஒரு நிழல் விழுந்துவிட்டால், அது ஆபரேஷனால் வந்ததா காசநோயா என்று படத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க மாட்டார்கள். சளியை மூன்று நாள் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு வைப்பார்கள். காசநோய்க் கிருமி மெதுவாக வளர்வது. கல்ச்சர் முடிய எட்டு வாரம் வரை ஆகும், யார் சொன்னாலும் அதை வேகப்படுத்த முடியாது. ஆறு வாரம் பொறுக்காமல் போனால் எட்டு வாரம் இழக்கலாம்.

ஆபரேஷனுக்குப் பின் லீவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த வகை மருந்து காசநோய்க் கிருமியையும் அடக்கும் என்பதால் கல்ச்சர் முடிவைக் குழப்பிவிடும்.

கிரியாட்டினின் ஏறுவதற்கு மூன்று காரணங்கள் சாதாரணமாக நடக்கும்: டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து எடுப்பது, ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள், ஸ்கேனுக்கு ஏற்றிய கான்ட்ராஸ்ட் மருந்து. தண்ணீர் குறைவாகக் குடித்தால் இன்னும் ஏறும். ஏறியிருந்தால் சிறுநீரக டாக்டரின் அறிக்கை கேட்பார்கள். மெடிக்கலுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வலி மாத்திரையை நிறுத்த முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பிறகு உள்ளூர் லேபில் ஒரு முறை பார்த்துவிட்டு மெடிக்கலுக்குப் போகலாம்.

சிறுநீரில் ரத்தமும் புரதமும் வருவது சிறுநீரகக் கல், புராஸ்டேட் ஆபரேஷன்களில் வழக்கம். கல் எடுத்த பிறகு சிறுநீர்க் குழாய்க்குள் வைக்கும் டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் இருக்கும்வரை ரத்த அணுக்கள் வந்துகொண்டேதான் இருக்கும். அதை எடுத்து இரண்டு வாரமாவது ஆகட்டும். மாதவிடாய் நாட்களில் சிறுநீர் கொடுத்தாலும் இதே குழப்பம்தான், அந்த நாட்களைத் தவிர்த்துத் தேதி வாங்குங்கள்.

வலியோடு போனால் ரத்த அழுத்தம் கூடும். மயக்க மருந்தோடு ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் சர்க்கரை சில நாள் ஏறி இறங்கும்.

ஆபரேஷனுக்கு முன் எப்படியும் நெஞ்சு எக்ஸ்ரே, கிரியாட்டினின், சிறுநீர், எச்.ஐ.வி. எல்லாம் எடுப்பார்கள். இவை ஏறத்தாழ மெடிக்கலில் பார்ப்பவையே. அதனால் அந்த ரிப்போர்ட்டுகளை ஃபைலுக்குள் போட்டு மூடிவிடாமல் ஒரு முறை டாக்டரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். படத்தின் சி.டி.யை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். தழும்பு பல மாதமாக மாறாமல் இருக்கிறது என்று காட்ட, பழைய படத்தைவிட நல்ல சாட்சி கிடையாது.

எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு இடைவெளி

லேப்ராஸ்கோப்பில் எடுத்த பித்தப்பை, சாதாரண ஹெர்னியா: ஆறு வாரம். பித்தப்பையை பயாப்ஸிக்கு அனுப்பியிருப்பார்கள், அந்த ரிப்போர்ட் கைக்கு வராமல் மெடிக்கலுக்குப் போகாதீர்கள். "ரிசல்ட் இன்னும் வரவில்லை" என்று சொன்னாலே கூடுதல் அறிக்கை கேட்கும் வரிசையில் உங்கள் ஃபைல் போய் நின்றுவிடும்.

கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு எட்டு வாரம். இதிலும் பயாப்ஸி ரிப்போர்ட் முக்கியம். தைராய்டு எடுத்தால் பயாப்ஸியோடு, மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம் கழித்து எடுத்த டி.எஸ்.எச். (மாத்திரை அளவு சரியா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டும் வேண்டும்.

கண்புரைக்கு ஒரு கண் போதாது. இரண்டு கண்ணும் செய்ய வேண்டுமென்றால் இரண்டையும் முடித்து, நாலு முதல் ஆறு வாரத்தில் எழுதித் தரும் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போங்கள். மெடிக்கலில் கண்ணாடியோடும் பார்வை அளப்பார்கள்.

புராஸ்டேட் ஆபரேஷனுக்கு மூன்று மாதம். முதுகெலும்புக்கும் மூன்று மாதம். பைபாஸுக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் விட்டு, புதிய எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டோடு போக வேண்டும்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி அழைப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, பித்தப்பையோ ஹெர்னியாவோ பாக்கி இருக்கிறது என்றால் வரிசையை மாற்றுங்கள். முதல் வாரமே மெடிக்கலை முடித்து, விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, அதன் பிறகு ஆபரேஷன். இப்படிச் சின்ன ஆபரேஷன் பாக்கி இருப்பது பி.ஆருக்குத் தடையாவது அரிது. எப்போது, எங்கே செய்யப் போகிறீர்கள், அதன் பின் வேறு சிகிச்சை தேவைப்படாது என்று சர்ஜன் எழுதிய கடிதத்தை மெடிக்கலின்போதே கொடுத்துவிடுங்கள்.

மூட்டு மாற்று: முன்னாலேயே முடிப்பது ஏன்

"அங்கே போனால் இலவசம்தானே, பிள்ளை பார்த்துக்கொள்வான்" என்று அம்மாவின் முழங்காலைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. முதலில் தடுக்க வேண்டியது இதைத்தான்.

கனடாவின் குடிவரவுச் சட்டத்தில், பொது மருத்துவச் சேவைக்கு மிகையான சுமையாவார் என்று கருதப்படுகிறவருக்கு அனுமதி மறுக்கலாம். அந்தச் சுமையை இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒன்று செலவு: கடைசி மெடிக்கலுக்குப் பிந்தைய ஐந்து ஆண்டில் (பெரிய செலவு அதன் பிறகும் வரும் என்று தெரிந்தால் பத்து ஆண்டு வரை), ஒரு சராசரிக் கனேடியருக்கு ஆகும் மருத்துவ, சமூகச் சேவைச் செலவைப் போல மூன்று மடங்கைத் தாண்டுமா என்று. 2025-இல் அந்த வரம்பு ஆண்டுக்கு 27,162 கனேடிய டாலர். இன்னொன்று காத்திருப்போர் பட்டியல்: இவர் வருவதால் பட்டியல் நீண்டு, அங்கே இருப்பவர்களுக்கு உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் உயிருக்கோ உடல்நலத்துக்கோ பாதிப்பு கூடுமா என்று. மூட்டு மாற்றுச் செலவு மட்டும் முதல் வரம்பைத் தாண்டாது. ஆனால் கனடாவில் வரிசை நீண்டு கிடக்கும் சிகிச்சைகளில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று முக்கியமானது. இவற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் இலக்கே 26 வாரம், கண்புரைக்கு 16 வாரம். அதுவும் சர்ஜன் பார்த்து முடிவு செய்த நாளிலிருந்துதான், அந்த சர்ஜனைப் பார்க்கக் காத்திருக்கும் மாதங்கள் தனி.

கணவன், மனைவி, சட்டப்படி சார்ந்திருக்கும் பிள்ளைகள் என்று ஸ்பான்சர் செய்யப்பட்டவர்களுக்கு இந்த மிகைச் சுமை விதி கிடையாது. அகதிகளுக்கும் கிடையாது. பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் உண்டு. மூட்டுத் தேய்வோடு வருவதும் இவர்கள்தான்.

ஆக, சர்ஜன் மூட்டு மாற்று தேவை என்று எழுதியே கொடுத்துவிட்டால், இங்கேயே செய்துகொண்டு மூன்று மாதம் கழித்து மெடிக்கலுக்குப் போவதே சரி. மூன்று மாதத்தில் பெரும்பாலானவர்கள் கைத்தடி இல்லாமல் நடப்பார்கள், மாடிப்படி ஏறி இறங்குவார்கள். பேனல் டாக்டர் பார்ப்பதும் அதைத்தான்: எழுந்து நடக்க முடிகிறதா, அன்றாட வேலைக்கு யாராவது தேவையா.

இரண்டு காலும் தேய்ந்திருந்தால் கணக்கு நீளும். ஒரு காலை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "மறு முழங்காலுக்கும் மாற்று ஆபரேஷன் பரிந்துரைக்கப்படுகிறது" என்று ஒரு வரி இருக்கும். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்று அந்த வரியே சொல்லிவிடும். இரண்டாவது காலுக்கு இடைவெளி எவ்வளவு என்பதை சர்ஜன் முடிவு செய்யட்டும். அதற்கும் மூன்று மாதம் சேர்த்து, மொத்தம் ஏழெட்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் ஸ்பான்சரில் இவ்வளவு காலம் பெரும்பாலும் கிடைக்கும், ஆரம்பத்திலேயே தொடங்கினால்.

மறுபக்கம், லேசான தேய்வுக்கு, பி.ஆருக்காக மட்டும் மூட்டை மாற்றாதீர்கள். மாத்திரை, உடற்பயிற்சி, எடைக் குறைப்பில் சமாளிக்கிறவரிடம் "இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை" என்று எலும்பு டாக்டர் நேர்மையாக எழுதித் தருவதே போதும்.

மறைத்தால் என்ன ஆகும்

"ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கிறதா?" என்று கேட்கும்போது இல்லை என்று சொல்லச் சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். முழங்காலின் நடுவே நீளமான தழும்பு, எக்ஸ்ரேயில் நெஞ்செலும்பைக் கட்டிய கம்பி, வயிற்றில் நாலு சின்னத் துளைத் தழும்பு, எல்லாம் தெரியும். செய்து முடித்த ஆபரேஷன் உங்களுக்குச் சாதகம். அதை மறைத்தால் பொய்த் தகவல் தந்ததாக ஆகி, சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு கனடாவுக்குள் நுழைய முடியாது. ஒரு பித்தப்பையை மறைத்து ஐந்தாண்டை இழக்க வேண்டுமா?

இன்னொன்று. பேனல் டாக்டர் பாஸ் போடுகிறவரோ ஃபெயில் போடுகிறவரோ இல்லை. பார்த்ததை எழுதி அனுப்புவதே அவர் வேலை, முடிவெடுப்பது கனடா குடிவரவுத் துறையின் மருத்துவ அதிகாரி. அவருக்கு உங்கள் உடம்பு தெரியாது, காகிதம்தான் தெரியும். அந்தக் காகிதத்தைச் சரியாக வைத்துக்கொள்வதில்தான் பாதி வேலை இருக்கிறது.

கையில் இருக்க வேண்டிய காகிதம்

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் நோட்ஸ், பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷனுக்குப் பிந்தைய எக்ஸ்ரே. மூட்டு, ஸ்டென்ட், கண் லென்ஸ் எது வைத்திருந்தாலும் அதன் ஸ்டிக்கர். இப்போது சாப்பிடும் மருந்துகளை பிராண்ட் பெயரில் எழுதாமல் மருந்தின் பொதுப் பெயரிலும் அளவிலும் எழுதிய பட்டியல். எல்லாம் ஆங்கிலத்தில்.

இவற்றைவிட முக்கியம் சர்ஜனின் கடிதம். "பேஷன்ட் பயணம் செய்யத் தகுதியானவர்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுப்பது வழக்கம், அது மெடிக்கலுக்கு உதவாது. என்ன நோய், எந்தத் தேதியில் என்ன ஆபரேஷன், பின்விளைவு எதுவும் வந்ததா, கடைசியாகப் பார்த்த தேதி, அன்று எவ்வளவு நடக்கிறார், மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, வலி மாத்திரை இன்னும் தேவையா, அடுத்த ஐந்தாண்டில் வேறு ஆபரேஷனோ தொடர் சிகிச்சையோ எதிர்பார்க்கப்படுகிறதா. இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் சர்ஜனிடம் கொடுங்கள். ஐந்தாண்டு பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள், மருத்துவ அதிகாரி தேடுவது அதைத்தான். கடிதம் மெடிக்கல் தேதிக்கு ஒரு மாதத்துக்குள் எழுதியதாக இருக்கட்டும்.

அடுத்தது பெயர். ஆஸ்பத்திரி ஃபைலில் "கே. லட்சுமி" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் கே விரிந்து அப்பா பெயரோ கணவர் பெயரோ முழுதாக நிற்கும். பிறந்த தேதிக்குப் பதிலாக "வயது 60" என்று தோராயமாகப் போட்டிருப்பார்கள். அட்மிஷன் போடும் நாளே பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து, அதில் உள்ளபடியே பதியச் சொல்லுங்கள். பிறகு திருத்தி வாங்குவதற்குள் மெடிக்கலுக்குத் தந்த 30 நாளில் பாதி போய்விடும்.

மெடிக்கலுக்குப் பிறகு, விமானத்துக்கு முன்

மெடிக்கல் முடிந்து பாஸ்போர்ட் கேட்டுக் கடிதம் வரும்வரை உள்ள மாதங்களில் சின்ன ஆபரேஷன்களுக்கு இடமிருக்கிறது. பாஸ்போர்ட் கேட்டு வந்துவிட்டால் புதிதாக எதையும் தொடாதீர்கள். காயத்தில் சீழ் பிடித்தாலோ காலில் ரத்தம் உறைந்தாலோ சி.ஓ.பி.ஆர். தேதி தாண்டிவிடும். பிறகு மெடிக்கலே மறுபடியும் எடுக்க வேண்டி வரும்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ டொராண்டோ போக, இடையில் மாறும் நேரத்தையும் சேர்த்தால் இருபது மணி நேரத்துக்குக் குறையாது. மூட்டு மாற்றுக்குப் பின் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது காலில் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். மூன்று மாதம் வரை நீண்ட பயணம் வேண்டாம். லேப்ராஸ்கோப் ஆபரேஷனுக்குப் பின் விமானம் ஏறச் சில நாளே போதும் என்றாலும், பெட்டி தூக்குவதை நினைத்து ஆறு வாரம் விடுங்கள். விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால், அது முழுதும் கரைந்துவிட்டது என்று கண் டாக்டர் சொல்லும்வரை பறக்கவே கூடாது. மேலே போகப் போக வாயு விரிந்து, கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம்.

பி.ஆர். இல்லாமல் சூப்பர் விசாவில், அதாவது பெற்றோரும் தாத்தா பாட்டியும் நீண்ட காலம் தங்கிவரத் தரும் விசாவில், போகும் பெற்றோருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. குறைந்தது ஒரு லட்சம் கனேடிய டாலருக்கு, ஓராண்டுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல பாலிசிகளில், பாலிசி தொடங்கும் நாளுக்கு முந்தைய 90, 120 அல்லது 180 நாளில் உடல்நிலை மாறாமல் இருந்தால்தான் பழைய நோய்க்குப் பணம் தருவோம் என்ற நிபந்தனை இருக்கும். அந்த நாட்களுக்குள் ஆபரேஷன் நடந்தால் மட்டுமல்ல, மருந்தின் அளவு மாறினாலும், புதிதாக ஒரு பரிசோதனை எழுதினாலும்கூட "மாறிவிட்டது" என்று கொள்வார்கள். பாலிசியில் எத்தனை நாள் போட்டிருக்கிறது என்று பார்த்து, கடைசியாக மருந்து மாற்றிய தேதியிலிருந்து அத்தனை நாள் கழித்து டிக்கெட் போடுங்கள். டாக்டரிடம் கடைசி செக்கப்பையும் அந்தக் கணக்குக்கு முன்னாலேயே முடித்துக்கொள்வது நல்லது.

போய் இறங்கியதும் எல்லா மாகாணத்திலும் அன்றே அரசு மருத்துவக் காப்பீடு கிடைத்துவிடாது. பி.ஆர். ஆகி வருபவர்களுக்கு ஒன்டாரியோவில் மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்திறங்கிய மாதத்தின் மிச்சமும் அதன் மேல் இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குத் தனியார் காப்பீடு எடுத்துக்கொண்டு போங்கள். வேர் சிகிச்சை, பல் கட்டுதல் போன்ற பல் வேலைகளையும் இங்கேயே முடித்துவிடுங்கள். மெடிக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் மாகாணக் காப்பீடு சாதாரணப் பல் சிகிச்சைக்குப் பணம் தராது.